கோடுகளால் எழுதியவர்கள்

பழனி மலைத் தாவரங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பி.எஃப். ஃபைசனை மறப்பதில்லை. நீலகிரி, பழனி மலை உச்சிகளின் பூச்செடிகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1915 தொடங்கி 1920க்குள் மூன்று தொகுதிகளாகச் சென்னையில் வெளிவந்தது. ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் வட்டாரங்களில் 6,500 அடிக்கு மேல் வளர்பவையே அதன் எல்லை. அதன் படங்களில் பலவற்றை வரைந்தவர்கள் இரு பெண்கள்: ஃபைசனின் மனைவி டயானா ரூத், கொடைக்கானலில் கணவர் ஆல்ஃபிரட் போர்னுடன் செடிகள் சேகரித்த எமிலி. என் பார்வையில் இவர்களும் அந்நூலின் ஆசிரியர்களே.

விளக்கம் எழுதியவர்தானே ஆசிரியர், இவர்கள் கண்டதை வரைந்தவர்கள்தானே என்று கேட்கலாம். பூவை மேலோட்டமாகப் பார்த்து வரைந்தால் அது வெறும் அலங்காரம். இதழைப் பிரித்து, மகரந்தத் தாள்களை எண்ணி, சூலகத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்து வரைவதுதான் தாவரவியல் படம். எதைக் காட்டுவது, எதை விடுவது என்று ஒவ்வொரு கோட்டிலும் ஒரு முடிவு இருக்கிறது. அந்த முடிவை எடுப்பதுதான் ஆசிரியர் வேலை. இன்று கேமரா இருக்கிறதே என்றால், அது எதிரே நிற்கும் ஒரு செடியை, அதன் பூச்சி அரித்த இலையோடும் நிழலோடும் பதிவு செய்யும். கைப்படமோ பல செடிகளை ஒப்பிட்டு, அந்த இனத்துக்கே உரிய அடையாளத்தைப் பிரித்தெடுத்துத் தரும். நூலகப் பட்டியல்களில் ஃபைசன் பெயருக்குப் பக்கத்தில் இந்த இருவர் பெயரையும் சேர்ப்பதே நியாயம்.