சிவப்பு ‘சிப்’ செய்த குற்றம் என்ன?

‘எந்திரன்’ திரைப்படம் 2010-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளன்று வெளிவந்தது. ஆண்டுகள் பல கடந்த பின்னும் விழா நாள்களில் தொலைக்காட்சி அதனை விடுவதாயில்லை; நம் மக்களும் அதைப் பற்றிப் பேசுவதை விடுவதாயில்லை. குளத்தூரிலும் கீரனூர்ப் பக்கத்துச் சிற்றூர்களிலும் இளைஞர்களோடும் மறைக்கல்வி ஆசிரியர்களோடும் உரையாடும்போது இப்படத்தைப் பற்றிக் கேட்ட கருத்துகளை எண்ணிப் பார்க்கிறேன். படத்தைவிட அக்கருத்துகளே எனக்கு அதிகக் கவலை அளிக்கின்றன. படைப்போருக்கு மட்டுமன்றிப் பார்ப்போருக்கும் கடமை உண்டு என்று 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய தன் ஏட்டில் கூறியிருக்கிறது. ஆகவே, பார்த்தவர் சொன்னதையும் ஆராய்வது திறனாய்வின் வேலையே என்று கருதுகிறேன்.

சிறுவர்களுக்குப் படம் என்றாலே கடைசிப் போர்தான். நூற்றுக்கணக்கான எந்திரங்கள் காந்தத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, துப்பாக்கிகள் நீட்டிய பெரும் பந்தாகவும், மகிழுந்துகளை விழுங்கும் பாம்பாகவும், கட்டடங்களுக்கு மேல் நிமிரும் பூதமாகவும் உருமாறுகின்றனவே, அந்தக் காட்சிகள். பெரியவர்களுக்கோ அதே காட்சிகள் தலைவலி. இவ்விரு கருத்துகளையும் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தொழில்நுட்பத் திறன் ஐயத்துக்கு இடமற்றது. சிறப்புக் காட்சிகளுக்குத் தேசிய விருதும் கிடைத்தது. நீளம் மிகுதி என்பதும் உண்மையே.

மூன்றாவது கருத்து ஒன்று உண்டு. அதை நான் கேட்காத ஊர் இல்லை. “சிட்டி நல்லவன், சாமி. போரா வைத்த சிவப்பு ‘சிப்’தான் அவனைக் கெடுத்துவிட்டது” என்பதே அது. மறைக்கல்வி ஆசிரியர்கள் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுசெல்கிறார்கள். வசீகரன் படைத்தவர், சிட்டி ஆதாம், சிவப்பு ‘சிப்’ சாத்தான். கரும்பலகையில் மூன்று வட்டங்கள் போட்டால் பாடம் முடிந்தது, பிள்ளைகளுக்கும் மறக்காது. படமே இவ்வாறு எண்ணத் தூண்டுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். கடவுள் இருக்கிறாரா என்று அவையில் ஒருவர் கேட்க, கடவுள் என்றால் யார் என்று சிட்டி திருப்பிக் கேட்கிறது. நம்மைப் படைத்தவர் என்று விடை வருகிறது. அப்படியானால் தன்னைப் படைத்த வசீகரன் இருப்பதால் கடவுள் இருக்கிறார் என்று சொல்லிவிடுகிறது எந்திரம். அரங்கம் கைதட்டி மகிழ்கிறது. (மக்கள் ‘அவன்’ என்கிறார்கள்; நான் வேண்டுமென்றே ‘அது’ என்று எழுதுகிறேன். ‘அது’ பாவம் செய்ய இயலாது.)

இனி, படம் உண்மையில் என்ன காட்டுகிறது என்று பார்ப்போம். சிவப்பு ‘சிப்’ பொருத்தப்படுவது இடைவேளைக்கும் வெகு பின்னர். அதற்கு முன்னரே மூன்று காட்சிகள் வந்துவிடுகின்றன. மூன்றையும் நம்மவர் மறந்துவிடுகிறார்கள்.

முதலாவது, சோதனைக் கூடம். எந்திரத்துக்கு ஒப்புதல் தர மறுக்கும் பேராசிரியர் போரா, வசீகரனையே கத்தியால் குத்தும்படி அதற்குக் கட்டளையிடுகிறார். எந்திரம் தயங்காமல் கத்தியை ஓங்குகிறது. யாரும் எந்தக் கேட்டையும் அதனுள் வைக்கவில்லை. சொன்னதைச் செய்யும்படி அதை ஆக்கியிருந்தார்கள், சொன்னதைச் செய்தது. போராவின் உள்நோக்கம் கெட்டது. ஆனால் அன்று அவர் கேட்ட கேள்வி சரியானதே. நன்மை தீமை அறியாத ஒன்றின் கையில் படைக்கலத்தைக் கொடுக்கலாமா என்று கேட்கிறார் அல்லவா? வில்லன் வாயிலிருந்து வந்ததால் அக்கேள்வியை நாம் காதில் வாங்குவதில்லை.

இரண்டாவது, தீ விபத்து. குளித்துக்கொண்டிருந்த பெண்ணை எந்திரம் நெருப்பிலிருந்து அப்படியே தூக்கிவந்து ஊர் மத்தியில் நிறுத்துகிறது. வெட்கம் தாளாமல் ஓடியவள் வண்டியில் அடிபட்டு இறக்கிறாள். உயிரைக் காக்கத் தெரிந்த எந்திரத்துக்கு மானம் என்னவென்று தெரியவில்லை. அதன் பிறகே வசீகரன் அதற்கு உணர்வுகளைக் கற்பிக்க முனைகிறார்.

மூன்றாவது காட்சியே இப்படத்தின் உயிர். இராணுவ அதிகாரிகள் அமர்ந்திருக்கிறார்கள். ஆயுதத் திறனைக் காட்ட வேண்டிய எந்திரம் பூவையும் காதலையும் பற்றிப் பேசுகிறது. அன்பு செய்யக் கற்றுக்கொண்டதால் கொல்லும் கருவி கெட்டுப்போய்விட்டது! அவமானமுற்ற வசீகரன் கோடரி எடுத்துத் தாம் படைத்ததைத் தாமே துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் எறிகிறார். அக்குப்பையிலிருந்துதான் போரா அதை எடுக்கிறார்.

வசீகரனைப் படைத்தவராகிய இறைவனுக்கு ஒப்பிடும் ஆசிரியர்கள் இந்தக் கோடரியை என்ன செய்வார்கள்? தொடக்க நூலில், கட்டளையை மீறிய மனிதனை ஆண்டவர் தேடி வருகிறார். எங்கே இருக்கிறாய் என்று கேட்கிறார். தண்டனை கூறிய பின்னும் தோலாடை செய்து உடுத்தி அனுப்புகிறார். வசீகரனோ, படையில் சேர்ப்பதற்காகவே ஒன்றைச் செய்து, அது படைக்கு உதவாது என்று கண்டதும் உடைக்கிறார். மேலும் அதே தொடக்க நூலில், ஆதாம் பழியைப் பெண்ணின் மேல் போடுகிறான், பெண் பாம்பின் மேல் போடுகிறாள். பாம்பு உண்மையிலேயே அங்கு இருந்தது. ஆயினும் அதைக் காட்டிய எவரும் தப்பவில்லை. மூவருக்கும் தனித்தனியே தீர்ப்பு உண்டு.

தீமையை ஒரு பொருளாக, வெளியிலிருந்து உள்ளே வைக்கக்கூடிய, மறுபடியும் பிடுங்கி எடுக்கக்கூடிய ஒன்றாக எண்ணுவது பழைய பிழை. புனித அகுஸ்தீனார் இளமையில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் மானிக்கேயரோடு இருந்தார். அவர்களது போதனை இதற்கு மிக அருகில் இருந்தது. இருள் தனியொரு பொருள், ஒளியோடு கலந்துவிட்டது, ஆகவே பாவம் செய்தது நானல்ல, என்னுள் புகுந்த வேறொன்று. அகுஸ்தீனார் அதிலிருந்து மீண்டது, தீமைக்குத் தனி இருப்பு இல்லை, அது நன்மையின் குறைவே, அக்குறைவுக்கு என் சித்தமே பொறுப்பு என்று கண்டபோதுதான். சிவப்பு ‘சிப்’பைச் சாத்தான் என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கும்போது, திருச்சபை ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பு தள்ளியதை நாம் அறியாமலே மறுபடியும் கொடுத்துவிடுகிறோம்.

படத்தின் நீதிமன்றமும் அதையேதான் செய்கிறது. போரா ‘சிப்’ பொருத்திய காட்சியை எந்திரமே பதிவிலிருந்து காட்ட, வசீகரன் தண்டனையிலிருந்து தப்புகிறார். எந்திரத்தைக் கழற்றிவிட ஆணையாகிறது. கொல்லும் கருவியை ஏன் செய்தீர், ஏன் வெட்டி எறிந்தீர் என்று அங்கு யாரும் கேட்கவில்லை. கோடரிக் காட்சி வரை தன் கேள்வியைக் கெட்டியாகப் பிடித்திருந்த படம், கடைசிப் போரின் ஆரவாரத்தில் அதை நழுவவிட்டது என்பதே என் தீர்ப்பு. வசனத்தில் பங்குகொண்ட எழுத்தாளர் சுஜாதா 2008-இல், படம் வெளிவருமுன் காலமாகிவிட்டார். ‘என் இனிய இயந்திரா’வில் அறிவுள்ள எந்திரத்தை வேறு விதமாகக் கண்டவர் அவர்.

கடைசிப் போரில் எத்தனை பேர் சாகிறார்கள் என்று எவரும் எண்ணுவதில்லை. துப்பாக்கிப் பந்து உருண்டு வருகையில் பிள்ளைகள் சீழ்க்கை அடிக்கிறார்கள். இந்தக் குளத்தூர் வட்டத்தில் அப்படிச் சீழ்க்கை அடிப்பதைக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை. 2021 டிசம்பர் இறுதியில், நார்த்தாமலைப் பக்கத்துத் துப்பாக்கிப் பயிற்சித் தளத்திலிருந்து தவறி வந்த ஒரே ஒரு தோட்டா ஒரு சிறுவனின் தலையில் பாய்ந்தது. 2022 சனவரி 3-ஆம் நாள் அவன் இறந்தான். அவனுக்கு எதிரி எவரும் இல்லை. அத்தோட்டா யாருடைய துப்பாக்கியிலிருந்து புறப்பட்டது என்று ஊரெல்லாம் கேட்டது. கேட்க வேண்டிய கேள்விதான் அது. திரையில் ஆயிரம் தோட்டாக்கள் பறக்கும்போது மட்டும் அக்கேள்வி நமக்குத் தோன்றுவதில்லை.

‘எந்திரன்’ 2012-இல் ஜப்பானிலும் திரையிடப்பட்டது. பேருருவ எந்திரப் போர்க்கதைகள் அந்நாட்டில் நெடுநாள் வழக்கு. நம் இளைஞர் சிலரும் இப்போது கைப்பேசியில் அந்த ‘அனிமே’ படங்களைப் பார்க்கிறார்கள். அவற்றுள் பெயர்பெற்றது இயக்குநர் யோஷியுகி டொமினோவின் ‘மொபைல் சூட் கன்டம்’. 1979-இல் தொலைக்காட்சித் தொடராக வந்தபோது போதிய பார்வையாளர் இன்றி 52 வாரத்துக்குத் திட்டமிட்டது 43-இல் முடிந்தது. மறு ஒளிபரப்பும் பிளாஸ்டிக் பொம்மைகளுமே அதைத் தூக்கி நிறுத்தின. போரை வெறுக்கும் கதை, போர்க்கருவிப் பொம்மைகளால் பிழைத்தது என்பது வேடிக்கையான செய்தி.

ஆயினும் அக்கதையில் ஒரு நேர்மை உண்டு. ஒவ்வோர் எந்திரத்தின் உள்ளேயும் ஒரு மனிதன் அமர்ந்திருக்கிறான். கதைத்தலைவனோ வயது வராத பிள்ளை. எதிரியின் எந்திரத்திலும் ஒரு முகம் தெரிகிறது. ஆகவே சுட்டவன் யார் என்ற கேள்வி எப்போதும் நிற்கிறது. 1988-இல் வந்த திரைப்படத்தின் முடிவில், பூமியின்மேல் விழவிருக்கும் ஒரு விண்பாறையைத் தன் எந்திரத்தால் தள்ளி நிறுத்த ஒருவன் முயல்கிறான். அவன் பக்கத்து வீரர்கள் வந்து தோள் கொடுக்கிறார்கள். பிறகு எதிரிப் படையினரும் வந்து சேர்கிறார்கள். சிலர் வெந்து மடிகிறார்கள். பாறை விலகுகிறது. இதைப் பார்த்தவரிடையே இன்றும் வழக்கு உண்டு. அறிவியலுக்கு ஒவ்வாத முடிவு என்பர் ஒரு சாரார். அதற்காகவே படத்தைப் போற்றுவர் மறு சாரார். நான் இரண்டாம் சாரார் பக்கமே. பாறை எப்படி விலகிற்று என்பதைவிட, எதிரி ஏன் வந்து தோள் கொடுத்தான் என்பதே அங்குக் கேட்கத் தக்கது.

2024 சூன் 14-ஆம் நாள் இத்தாலியில் ஏழு நாடுகளின் தலைவர்கள் முன் பேசிய திருத்தந்தை பிரான்சிஸ், மனித உயிரைப் பறிக்கும் முடிவை எந்த எந்திரத்திடமும் விடலாகாது என்று வலியுறுத்தினார். உள்ளே ஆள் அமராத ஆயுதங்களை மனத்தில் கொண்டே அவர் பேசினார். அவற்றில் சிவப்பு ‘சிப்’ என்று தனியாக ஒன்று இல்லை. வடிவமைத்தவர், வாங்கியவர், ஏவியவர் என்று பெயருள்ள மனிதர்களே இருக்கிறார்கள்.

‘எந்திரன்’ படத்தின் கடைசிக் காட்சி 2030-இல், ஓர் அருங்காட்சியகத்தில் நடக்கிறது. கழற்றி வைத்த எந்திரத்தைப் பார்த்து, இதை ஏன் கழற்றினார்கள் என்று பள்ளிச் சிறுமி ஒருத்தி கேட்கிறாள். சிந்திக்கத் தொடங்கியதால் என்று எந்திரமே விடை தருகிறது. நம்மவர் பலர் இவ்விடத்தில் கண் கலங்கியதாகச் சொல்கிறார்கள். இதை ஏன் செய்தார்கள் என்று அச்சிறுமி கேட்டிருந்தால் அதற்கு விடை சொல்ல வேண்டியவர் வசீகரன். அவர் அந்த அறையில் இல்லை.