கசடு தரும் மின்சாரம்

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கோயம்பேட்டைக் கடக்கும்போது பலர் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கோ அங்குள்ள கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் மேல் பெரிய மரியாதை.

கழிவுநீரில் படியும் கசடைக் காற்றுப் புகாத கலன்களுக்குள், ஏறத்தாழ 35 டிகிரி வெதுவெதுப்பில், வாரக்கணக்கில் வைக்கிறார்கள். ஒருவகை நுண்ணுயிரிகள் கொழுப்பையும் புரதத்தையும் அமிலமாக உடைக்க, இன்னொரு வகை அதை மீத்தேனாக்குகிறது. அமிலம் மிஞ்சினால் மீத்தேன் தருபவை சோர்ந்துவிடும். அந்தச் சமநிலையைக் காப்பதுதான் வேதிப் பொறியாளரின் கைப்பக்குவம். வாயுவிலிருந்து அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடை நீக்கி எஞ்சினில் எரித்தால், மின்சாரம்!

மிச்சக் கசடைப் பிழிந்து உலர்த்தினால் கறுத்த, உதிரியான மண். அதில் யாரும் விதைக்காமலே தக்காளிச் செடி முளைப்பதுண்டு; நாம் பச்சையாகத் தின்ற பழத்தின் விதை குடலையும் குழாயையும் தாண்டி வந்திருக்கிறது.

அந்த மண்ணைவிட அருமையானது கசடிலுள்ள பாஸ்பரஸ். உரத்துக்கான பாறை பாஸ்பேட்டில் பெரும்பகுதியை நாம் இறக்குமதி செய்கிறோம். கசடிலிருந்து பிழிந்த நீரில் மெக்னீசியம் சேர்த்தால் அந்தப் பாஸ்பரஸ் ஸ்ட்ரூவைட் என்ற வெண்படிகமாகத் திரளும், நேரே வயலுக்கான உரம். ஆனால் அம்பத்தூர், ஆவடி போன்ற தொழிற்பேட்டை ஊர்களில் முலாம் பட்டறைக் கழிவு சாக்கடையில் கலந்தால் கன உலோகம் கசடிலேயே தங்கிவிடும். அதைப் பட்டறை வாசலிலேயே தடுத்தாக வேண்டும்.