முழக்கமும் மௌனமும்

வேடம் கட்டிச் சீதையாகத் தாம் முதலில் மேடையேறியது திண்டுக்கல்லில்தான் என்று சிவாஜி கணேசன் தம் வாழ்க்கை வரலாற்றில் நினைவுகூர்கிறார். சிறுவர்களே நடித்த, ஒலிபெருக்கியை நம்பாத அந்த பாய்ஸ் கம்பெனி நாடக மேடைதான் அவருடைய சரித்திர நடிப்புக்கு வேர். கொட்டகையின் கடைசி வரிசைக்கும் சொல் பிசிறில்லாமல் போய்ச் சேர வேண்டும். கண்ணும் கையும் நடையும் அந்தச் சொல்லோடு ஓட வேண்டும்.

1959இல் பி.ஆர். பந்துலு இயக்கத்தில் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படம் அந்தப் பயிற்சியின் உச்சம். சக்தி கிருஷ்ணசாமியின் வசனம் ஏற்கெனவே நாடகமாக மேடைகளில் புடம்போடப்பட்டது. ஆங்கிலேயக் கலெக்டர் ஜாக்சனாக வந்த சி.ஆர். பார்த்திபன் விறைப்பாக எதிரே நின்றதால்தான் அந்த முழக்கம் மோதித் திரும்பச் சுவர் கிடைத்தது. 1960இல் கெய்ரோ பட விழா கணேசனைச் சிறந்த நடிகராகத் தேர்ந்தது. அடிமைப்பட்டுக் கிடந்த மக்களுக்கு நிமிர்ந்து பேசும் உடல் எப்படியிருக்கும் என்று காட்டியது இந்த நடிப்பு. அதைச் 'செயற்கை' என்று தள்ளுவது அநியாயம்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. 1798இல் ஜாக்சனைச் சந்திக்கக் கட்டபொம்மன் ஊர் ஊராக அலைக்கழிக்கப்பட்டார். ராமநாதபுரத்தில் நிற்க வைக்கப்பட்டார். அந்த அவமானத்தை விழுங்கிய நாட்கள் நம் மனதில் தங்கவில்லை. வசனம் மட்டுமே தங்கியது. முழங்கினால்தான் வீரம் என்று நாம் பழகிவிட்டோம்.

பழியை நடிகர் மேல் போட முடியாது. அதே பி.ஆர். பந்துலு இயக்கத்தில், அதே கணேசன், 1961இல் 'கப்பலோட்டிய தமிழ'னில் சிறையில் தேய்ந்த வ.உ.சி.யாகத் தளர்ந்த தோளாலும் தாழ்ந்த குரலாலும் நடித்தார். தேசிய விருது பெற்ற அந்தப் படம் வசூலில் தோற்றது. முழக்கத்துக்குத் திரண்ட கூட்டம் மௌனத்துக்குத் திரளவில்லை.

மௌனத்தால் நடிக்கும் மரபு வேறிடத்தில் உண்டு. இங்கிலாந்தின் சரித்திரத் தொலைக்காட்சித் தொடர்களில் அரசியின் துயரம் ஒரு கணப் பார்வையில் முடிந்துவிடுகிறது. அந்த அடக்கம் அவர்கள் அரண்மனையின் ஒழுங்கு. நாம் அதை நகலெடுக்க வேண்டியதில்லை. நமக்கும் அடக்கமான வீரர்கள் உண்டு. சிவகங்கை அரசி வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் தந்து, பாளையக்காரர்களை ரகசியமாக ஒன்றுசேர்த்து, 1801இல் திண்டுக்கல்லில் தூக்கிலிடப்பட்டவர் விருப்பாச்சி கோபால் நாயக்கர். அவரை நடிக்க வருபவருக்கு முழக்கம் உதவாது. தூதன் சொல்வதைக் கேட்கும் முகமும், வாய் திறவாமல் காக்கும் ரகசியமும்தான் அந்த வேடம். அதைக் கண்கொட்டாமல் பார்க்கும் பொறுமையை நாம்தான் பழக வேண்டும்.