மாம்பழ மஞ்சளில் எங்கள் கல்யாணப் பெண்

முகூர்த்தப் பட்டு எடுக்கப் போகிறீர்களா? நேராகக் காஞ்சிபுரம் போங்கள். பெண்ணைக் கூட்டிக்கொண்டு போங்கள். வெயில் இருக்கும்போதே போங்கள். அக்கா மகளுக்குப் பட்டெடுத்துவிட்டு வந்த நாள் முதலாகக் கண்ணில் படுகிறவர்களிடமெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் பெண் நல்ல கறுப்பு. உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. பட்டு என்ற பேச்சை எடுத்ததுமே ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். "பேஸ்டல்தான் இப்ப எல்லாரும் கட்டறாங்க, வெளிர் ரோஸ் எடுங்க" என்றார் ஒருவர். "மஞ்சள் பக்கமே போயிடாதீங்க, இன்னும் கறுப்பாக் காட்டும்" என்றார் ஓர் அத்தை. கறுப்புக்கு மஞ்சள் ஆகாது என்று முதலில் சொன்னவர் யாரோ, அவர் அசல் மாம்பழ மஞ்சள் பட்டை ஒரு கறுத்த தோளில் போட்டுப் பார்த்தே இருக்கமாட்டார்!

நாங்கள் போனது ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கடை. புடவை எடுத்துப்போட்ட பெரியவருக்குத் தறிக்குழியிலேயே வளர்ந்த கை. என்ன விலை வரைக்கும் என்று அவர் கேட்கவில்லை. பெண்ணை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். அரக்கு, கிளிப்பச்சை, மயில்கழுத்து, வாடாமல்லி, எம்.எஸ். சுப்புலட்சுமி உடுத்திப் பேர் வாங்கிய அந்த எம்.எஸ். ப்ளூ என்று பாய் நிறைய விரித்தார். ஒவ்வொன்றையும் அவள் தோளில் போட்டுக் கடை வாசலுக்கு அழைத்துப் போய்ப் பகல் வெளிச்சத்தில் காட்டினார். "டியூப் லைட்ட நம்பாதீங்கம்மா" என்றார். எத்தனை சரி! பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறமாக நெய்த பட்டு, அசைவுக்கு அசைவு நிறம் மாறும். கடைக்குள் பச்சையாக இருந்த மயில்கழுத்து வாசலுக்கு வந்ததும் நீலமாகிவிட்டது.

வெளிர் ரோஸும் போட்டுப் பார்த்தோம். முகம் சாம்பல் பூத்தது. அடுத்து வந்தது மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை. தோளில் விழுந்த நொடியில் அவள் கன்னமும் கழுத்தும் விளக்கேற்றிய மாதிரி சுடர்விட்டன. அத்தனை அழகு அந்தக் கறுப்பு! அக்கா பேச்சே இல்லாமல் நின்றாள். "சித்தி, இதுதான்" என்று பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு மேல் ஒரு புடவையையும் பிரிக்கவிடவில்லை.

கரை விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். கல்யாணப் பட்டு என்றாலே முழங்கால் வரை ஏறும் பெரிய கரைதான் கௌரவம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. புடவையின் அகலம் சுமார் 48 அங்குலம். குள்ளமான பெண் இடுப்பில் நிறையச் செருகிக் கட்டுவாள். கரையோ கீழே அப்படியே நிற்கும். உடல் நிறம் கொஞ்சமாகத் தெரிந்து, ஆளை இரண்டாக வெட்டிக் காட்டும். பெரியவர் எடுத்துக் கொடுத்தது நாலு விரல் கரை. உடல் முழுக்க மெல்லிய ஜரிகைக் கோடு ஓடும் வைரஊசி. கட்டியதும் கோடுகள் நெட்டுக்கு இறங்க, எங்கள் பெண் வளர்ந்தே போய்விட்டாள். நெடுநெடுவென்று இருக்கிறவர்கள் தாராளமாகப் பெரிய கரை எடுக்கலாம். கங்கா ஜமுனா என்று இரண்டு கரைக்கும் இரண்டு நிறம் வைத்து எடுத்தாலும் கம்பீரமாக இருக்கும்.

கடையோடு திரும்பிவிடாமல் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறியையும் பார்த்தோம். அடடா, அது என்ன வேலை! உடலும் கரையும் வேறுவேறு நிறமென்றால் மூன்று நாடா ஓட வேண்டும். நடுவில் உடலுக்கு ஒன்று, இரு கரைக்கும் ஒவ்வொன்று. கோர்வை என்று இதைச் சொல்கிறார்கள். தறியில் உட்கார்ந்தவர் நெய்ய, பக்கத்தில் இன்னொருவர் கரை நாடாவை வாங்கித் தருகிறார். உடலும் கரையும் கைகோக்கும் இடத்தில் கோபுரம் கோபுரமாக ரேக்கு எழும்புவதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். நூல் கர்நாடகத்திலிருந்து, ஜரிகை சூரத்திலிருந்து. நல்ல ஜரிகை என்றால் நடுவில் பட்டு நூல், அதன்மேல் வெள்ளிக் கம்பி, அதற்கும் மேல் தங்க முலாம். இந்த ஊர்ப் பட்டுக்கு 2005-06இலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. தறியைப் பார்த்தவர்களுக்கு அதில் ஆச்சரியமே இருக்காது. வாங்கும்போது சில்க் மார்க் சீட்டு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கனத்தையும் கவனியுங்கள். ஜரிகை அடர்ந்த பட்டு ஒரு கிலோவைத் தொடும். ஓமப் புகைக்கு எதிரே மணிக்கணக்கில் உட்கார்ந்து, எழுந்து, அக்கினியை வலம்வந்து, பெரியவர்கள் காலில் விழுந்து எழ வேண்டியவள் பெண்தான். அதனால் கடையிலேயே அவளைக் கட்டச் சொல்லி, தரையில் உட்காரவைத்து, எழுந்து நடக்கச் சொன்னோம். கடைக்காரர் அதற்குச் சந்தோஷமாகப் பாய் போட்டுக் கொடுத்தார். பிளவுஸுக்கு அதே அரக்குதான். கையில் மட்டும் சின்னதாக ஆரி வேலை. பட்டே பேசும்போது பிளவுஸும் சேர்ந்து கத்த வேண்டாம்.

முகூர்த்தத்தன்று கூந்தலில் மல்லிகையும் கனகாம்பரமுமாக அவள் மணவறைக்கு வந்தபோது, மஞ்சள் வேண்டாம் என்று சொன்ன அதே அத்தைதான் முதலில் எழுந்து வந்து திருஷ்டி கழிக்க வேண்டும் என்றார். மாப்பிள்ளையின் தங்கைக்குத் தையில் கல்யாணம். பட்டெடுக்க என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தப் பெண் நல்ல உயரம், மாநிறம். வாடாமல்லி உடலுக்கு இலைப்பச்சைப் பெரிய கரை என்று மனசுக்குள் இப்போதே முடிந்து வைத்துவிட்டேன்; அவள் தோளில் போட்டு வாசல் வெளிச்சத்தில் பார்ப்பது ஒன்றுதான் பாக்கி!