வட்டிக்காரன் இல்லாத கடன்

கடன் தமிழிலக்கியத்துக்குப் புதிய பொருள் அன்று. கலங்கி நின்ற இலங்கை வேந்தனைக் கடன்பட்டவன் நெஞ்சோடு ஒப்பிட்ட அடியைக் கேட்டிராத தமிழர் அரியர். அவ்வடி கம்பராமாயணத்தில் இல்லை என்பதை எத்தனை தடவை எடுத்துரைத்தாலும் நம் மேடைப் பேச்சாளர் அதனைக் கம்பன் கணக்கிலேயே எழுதி வருகின்றனர். எழுதியவர் யாராயினும் ஆகுக. அங்கே கவனிக்கத்தக்கது வேறொன்று. கடன்பட்டவனின் துயரை விளக்க மன்னனின் துயரை உவமை காட்டவில்லை. மன்னனின் துயரை விளக்கக் கடன்பட்டவனைக் காட்டியிருக்கிறது. கேட்போர் யாவரும் சொந்த அனுபவத்தால் அறிந்தது கடனே என்பதைப் புலவன் உணர்ந்திருந்தான்.

நமது சிறுகதையும் நாவலும் வளர்ந்த காலத்தில் இந்த அனுபவத்துக்கு ஒரு கதையமைப்பும் கிடைத்தது. ஒருபுறம் ஏழை விவசாயி அல்லது தொழிலாளி, மறுபுறம் வட்டிக்காரன். நடுவே ஒரு கடன் உறுதி, ஒரு தாலிக்கொடி, ஒரு துண்டு நிலம். அவ்வமைப்பினால் விளைந்த நன்மையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. விதியென்று கிடந்ததை மனிதர் செய்த அநீதியென்று காட்டியது அது. ஆயினும் எந்த அமைப்பும் நெடுநாள் கையாளப்பட்டால் எழுத்தாளனுக்குப் பதிலாகத் தானே சிந்திக்கத் தொடங்கிவிடும். இன்று மருதானையில் மாடியறை ஒன்றை மூவராகப் பங்கிட்டு வாழும் பட்டதாரி ஆசிரியனின் கடனை எழுதப் புகுந்தால் இவ்வமைப்பு உதவுவதில்லை. அவன் கதையில் வட்டிக்காரனைத் தேடினால் அகப்படமாட்டான்.

பட்டதாரிகளைப் பற்றி நம்மவர் எழுதும் கதைகளிற் பல நியமனக் கடிதம் வந்து சேர்வதோடு முடிகின்றன. அல்லது வராமற் போவதோடு முடிகின்றன. 2017இல் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் தெருவோரப் பந்தல்களில் இருந்ததை நேரிற் கண்டோர், வேலையின்மை எழுதப்பட வேண்டிய பொருளே என்பதை மறுக்கமாட்டார்கள். ஆனால் கடிதம் வந்தவனின் கதை என்னவாயிற்று? நமது கருத்தில் அவன் கதை அங்கேதான் தொடங்குகிறது. எழுத்தாளன் பேனாவை மூடும் இடத்தில் அவன் கணக்குப் புத்தகத்தைத் திறக்கிறான்.

கணக்கு எங்ஙனம் வந்தது என்று கேட்கலாம். 1945 முதல் இந்நாட்டில் பாலர் வகுப்புத் தொடக்கம் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசம். கன்னங்கராவின் அச்சீர்திருத்தம் இல்லாதிருந்தால் இவ்விதழின் வாசகருட் பெரும்பாலோர் இதனை வாசிக்கும் நிலையில் இருந்திருக்கமாட்டார்கள், நாமும் எழுதியிருக்கமாட்டோம். அதற்காகவே அதன் எல்லையையும் சொல்லவேண்டியிருக்கிறது. இலவசமானது கட்டணம் மட்டுமே, காலம் இலவசமாகவில்லை. உயர்தரப் பரீட்சைக்கான தனியார் வகுப்புக்காசு, பெறுபேறு வந்த பின்னும் பல்கலைக்கழகக் கதவு திறக்கக் காத்திருக்கும் காலம், வேலைநிறுத்தங்களாலும் பெருந்தொற்றாலும் ஐந்தாறு ஆண்டுகளாக நீண்ட நான்காண்டுப் படிப்பு, அதன் பின் நியமனத்துக்காகக் காத்திருக்கும் காலம், இவை அத்தனைக்கும் யாரோ ஒருவர் சோறு போட்டிருக்கவேண்டும். 1981இல் தொடங்கிய மகாபொல உதவித்தொகை மாதம் 5,000 ரூபாவில் நெடுங்காலம் நின்றது. 2020இல் பயிலுநராகச் சேர்க்கப்பட்ட பட்டதாரிகளுக்கு மாதம் 20,000 ரூபா கொடுபட்டது. இடைவெளியை நிரப்பியவை அம்மாவின் காப்பும் சங்கிலியும். அவை இன்றும் வங்கியில் அடைவில் கிடக்கின்றன. வளவின் ஒரு பகுதி ஒற்றியில் இருக்கிறது. வெளிநாட்டிலிருக்கும் சித்தப்பா அனுப்பிய பணத்துக்கு எழுத்துமில்லை, வட்டியுமில்லை. எவரும் அதைக் கடனென்று சொல்வதில்லை. ஆதலால் அது முடிவதுமில்லை.

இவ்வாறு முதற் சம்பளம் கைக்கு வருமுன்பே அதற்குப் பங்காளிகள் வந்துவிடுகின்றனர். அடைவை மீட்க வங்கியிற் கடன். வங்கித் தவணையைச் சமாளிக்க ஆசிரியர் அறையிற் சீட்டு. சீட்டுக்காசு கட்டக் கைமாற்று. வங்கியோ சம்பளத்தைத் தன்னிடமே அனுப்புவதாகப் பணிமனையின் உறுதிக் கடிதம் கேட்கிறது. தோட்டத் தொழிலாளியின் கையில் ஒரு காலத்தில் 'துண்டு' என்றொரு காகிதம் இருந்தது. அவன் எவ்வளவு கடன்பட்டவன் என்பதை அது சொல்லும். அஃதின்றி அவன் இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல் அதனை ஒழித்தார்கள். மலையகத்திலிருந்து பட்டம் பெற்று வந்த இளைஞன் ஒருவன், தன் முப்பாட்டனின் துண்டையும் தன் சம்பளச் சீட்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதாக ஒரு கதை எழுதப்பட்டிருக்கிறதா? நாம் கண்டதில்லை.

சீட்டை மட்டும் சற்று நின்று நோக்குவோம். இருபது பேர் மாதம் 5,000 ரூபா கட்டும் ஏலச் சீட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் மாதமே அவசரப்படுபவன் ஓர் இலட்சத்தில் 20,000 ரூபாவைக் கழித்து 80,000 ரூபாவுக்கு எடுக்கிறான் என்று வைப்போம். கழிந்த 20,000 எந்த வட்டிக்காரன் வீட்டுக்கும் போவதில்லை. இடைவேளையில் ஒன்றாகத் தேநீர் குடிக்கும் சக ஆசிரியரிடையே அது பங்காகிறது. இவனுடைய தாய்க்கு மருந்து வாங்கவேண்டிய அவசரம், அவர்களுடைய மாதாந்த இலாபம். அவர்கள் கெட்டவர்களா? இல்லை, அவர்களிற் சிலர் அடுத்த மாதம் அதே அவசரத்தோடு வருவார்கள், அப்போது இவன் தன் பங்கைப் பெறுவான். பிரேம்சந்த் இதை அறிந்திருந்தார். 1936இல் வெளிவந்த 'கோதான்' நாவலில் ஹோரி கடனிலே வாழ்ந்து கடனிலே மடிகிறான். ஆனால் நகரத்துக்கு ஓடிய அவன் மகன் கோபர் என்ன செய்கிறான்? கையில் நாலு காசு சேர்ந்ததும் தானே சிறு தொகைகளை வட்டிக்குக் கொடுக்கிறான். வட்டிக்காரனை வெளியே நிறுத்திக் கல்லெறிவது எளிது. உள்ளே அவன் முளைப்பதைக் காட்டுவதற்குப் பிரேம்சந்தின் நேர்மை வேண்டும்.

படித்தவனின் கடனை உலக இலக்கியத்தில் எவரும் தஸ்தயேவ்ஸ்கியைப் போல் எழுதியதாக நமக்குத் தெரியவில்லை. 1866இல் வெளிவந்த 'குற்றமும் தண்டனையும்' நாவலைக் கொலைக்கதையாகவும் மனச்சாட்சியின் கதையாகவும் வகுப்பறைகளிற் பேசுகிறோம். அதனைக் கணக்குப் புத்தகமாகவும் ஒரு தடவை வாசித்தல் நன்று. ரஸ்கோல்நிகாவ் பணமின்றிச் சட்டப்படிப்பைக் கைவிட்ட மாணவன். தந்தையின் பழைய வெள்ளிக் கடிகாரத்தை அடகுக்காரக் கிழவியிடம் கொண்டுபோகிறான். நான்கு ரூபிள் கேட்கிறான். அவள் ஒன்றரை ரூபிளுக்குத்தான் இசைகிறாள். ரூபிளுக்கு மாதம் பத்துக் கோபெக் வட்டி. அதை முன்கூட்டியே கழித்து, பழைய அடகின் வட்டியையும் கழித்து, அவன் கையில் வைப்பது ஒரு ரூபிளும் பதினைந்து கோபெக்கும். இவ்வளவும் நமது பழைய கதையமைப்பினுள் அழகாக அடங்கும். கிழவி வட்டிக்காரி, இளைஞன் ஏழை, கோடரியும் ஆயத்தம்.

ஆனால் கோடரி வீழுமுன் தாயின் கடிதம் வருகிறது. அக்கடிதமே நாவலின் பொருளாதாரம். தாய்க்கு ஆண்டொன்றுக்கு 120 ரூபிள் ஓய்வூதியம். அதை ஈடு காட்டி ஒரு வணிகரிடம் 15 ரூபிள் வாங்கி மகனுக்கு அனுப்பியிருக்கிறாள். தங்கை துனியா ஒரு பணக்கார வீட்டில் ஆசிரியையாகச் சேர்ந்து, மாதாமாதம் சம்பளத்திற் கழிப்பதென்ற உடன்பாட்டில் 100 ரூபிள் முற்பணம் பெறுகிறாள். முற்பணம் கழியும்வரை, வீட்டுத் தலைவன் எவ்வளவு தொல்லை தந்தாலும் அவள் வெளியேற முடியாது. எதற்காக அந்த முற்பணம்? பெரும்பாலும் அண்ணனுக்கு 60 ரூபிள் அனுப்புவதற்காக. அப்போது, அது துனியாவின் சேமிப்பு என்று அவனுக்குப் பொய் எழுதியிருந்தார்கள். இப்போது அவன் எதிர்காலத்துக்காகவே அவள் தான் நேசிக்காத ஒருவனை மணக்க இசைந்திருக்கிறாள்.

கிழவியைக் கொன்றபின் அந்தக் கடனில் ஒரு கோபெக்காவது குறைந்ததா? கொள்ளையிட்டதை ஒரு கல்லின் கீழ்ப் புதைத்துவிடுகிறான். கொலைக்கு மறுநாள் காலையிற் பொலிஸ் நிலையத்திலிருந்து அழைப்பு வருகிறது. கொலைக்காக அழைத்ததென நடுங்கிக்கொண்டு போகிறான்; ஆனால் அழைத்தது வீட்டுக்காரிக்கு எழுதிக்கொடுத்த 115 ரூபிள் கடன் உறுதிக்காக. அவள் அதை இன்னொருவரிடம் மாற்றிவிட்டிருந்தாள். தஸ்தயேவ்ஸ்கியின் சமய முடிவுகளோடு நாம் உடன்படத் தேவையில்லை. ஆயினும் வட்டிக்காரியை வெட்டினாலும் கடன் வெட்டுப்படாது, ஏனெனில் அது வேறு இடங்களில், அன்பு என்ற பெயரிலும் சட்டம் என்ற பெயரிலும் எழுதப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டிய அளவில் அவர் நம் யதார்த்தவாதிகள் பலரையும் விட யதார்த்தவாதி.

நம்மவருள் புதுமைப்பித்தன் இதற்கு மிக அருகே வந்தவர். 'ஒரு நாள் கழிந்தது' கதையில் எழுத்தாளர் முருகதாசருக்கு மூன்று ரூபாய் தேவை; நண்பரிடம் கிடைப்பது எட்டணா. வில்லன் எவனுமில்லை, கண்ணீரும் இல்லை. திங்கட்கிழமையைத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்பதே தீர்வு. கடன்பட்டவனின் காலம் எத்தனை குறுகியது என்பதை அதைவிடச் சுருங்கச் சொன்னவர் இல்லை. ஆயினும் முருகதாசருக்கு முன்னும் பின்னும் அக்கதையில் இல்லை. அவரைப் படிக்கவைத்தவர் யார், அதற்கு விற்றது எது என்று புதுமைப்பித்தன் கேட்கவில்லை. அன்று அக்கேள்வி அவருக்குத் தேவைப்படாதிருக்கலாம். நமக்குத் தேவைப்படுகிறது.

அதற்கு விடை நம் மொழியிலேயே ஒளிந்திருக்கிறது. கடன் என்ற சொல்லுக்குத் தமிழில் கடமை என்றும் பொருள். பணம் தரவேண்டிய நிலை என்றும் பொருள். இவ்விரண்டையும் ஒன்றாகக் கட்டியதில் சட்டத்துக்கும் பங்குண்டு. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையின்படி, மணமாகாத மகன் தேடிய பொருள் பெற்றோரின் பொதுச்சொத்தைச் சேரும். பெற்றோர் பட்ட கடனை, அவர்கள் எதுவும் விட்டுச்செல்லாவிடினும், ஆண்மக்கள் தீர்க்கவேண்டும். பெண்மக்கள் சீதனத்தோடு வெளியேறுவர். பின்னர் 1911ஆம் ஆண்டுச் சட்டம் முதலியவை வந்து எவ்வளவோ மாறிவிட்டன. ஆனால் மருதானை அறையிலிருந்து ஊருக்குப் பணம் அனுப்பும் இளைஞனைக் கேட்டுப் பாருங்கள். தேசவழமையைக் கண்ணாலும் கண்டிராத அவன் அதன் விதியைப் பிசகாமல் நிறைவேற்றிக் கொண்டிருப்பான்.

ஒரு மாற்றம் நேர்ந்திருக்கிறது. அதனை நம் கதைகள் கவனித்ததாகத் தெரியவில்லை. கலைப்பீடங்களில் இன்று மாணவியரே பெரும்பான்மையோர். பட்டம் பெற்ற பெண் தாயின் நகையை மீட்கிறாள், தம்பியின் படிப்பைத் தாங்குகிறாள், அவற்றோடு தன் சீதனத்தையும் தன் சம்பளத்தாலேயே சேர்க்கிறாள். செ. கணேசலிங்கன் 'சடங்கு' நாவலில் யாழ்ப்பாண நடுத்தர வர்க்கத்தின் திருமண ஏற்பாட்டைப் பொருளாக்கியது 1966இல். அன்று தகப்பன் தேடிய சீதனத்தை இன்று மகளே தவணை முறையில் தேடுகிறாள். பழைய விதி ஆணுக்கு ஒரு சுமை வைத்தது. புதிய காலம் பெண்ணுக்கு இரண்டையும் வைத்திருக்கிறது. மீட்ட சங்கிலியே அவளுக்குச் சீதனமாகக் கழுத்தில் ஏறுவதும் உண்டு. தன் கடனைத் தானே அடைத்துத் தனக்குத் தானே பரிசளித்த அப்பெண்ணைக் கல்யாண வீட்டில் எவரும் அவ்வாறு காண்பதில்லை.

இதனைத் தனிமனித விவகாரமென்று ஒதுக்குவோர் நம்மிடையேயும் உளர். சிக்கனமாயிரு, கணக்கெழுது, தேநீரைக் குறை என்று உபதேசிக்கும் முன்னேற்ற நூல்கள் கொழும்புப் புத்தகக்கடைகளில் நிறைந்து கிடக்கின்றன. கணக்கெழுதுவதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டிவீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. நான்கு நாட்களின் பின், வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசு அறிவித்தது. அவ்வாண்டு செப்டெம்பரிற் கொழும்பில் பணவீக்கம் 70 சதவீதத்தை அண்மித்தது. தேநீரைக் குறைத்தவனுக்கும் குறைக்காதவனுக்கும் அதே அடி விழுந்தது. அந்தப் பழைய உவமையைத் திருப்பிப் போடும் காலம் இது: கடன்பட்டவர் இலங்கை வேந்தர், கலங்கியவன் பட்டதாரி. அரசுக்குக் கடன் கொடுத்தோர் மேசையில் அமர்ந்து பேசி, 2024 டிசெம்பரில் பழைய முறிகளுக்குப் புதிய முறிகளைப் பெற்றுக்கொண்டனர். கடன் மறுசீரமைப்பு என்று அதற்குப் பெயர். மாதம் பிறந்ததும் தவணைக்காகக் கழிபடும் ஆசிரியன் சம்பளத்துக்கு அப்படியொரு மேசை போடப்படவில்லை.

ஆகவே இளம் எழுத்தாளரிடம் நாம் கேட்பது கண்ணீர் அன்று; தொகைகளை. எவ்வளவு வாங்கப்பட்டது, எந்த ஆண்டில், எதன்மேல், யார் கையொப்பத்தில். எவ்வளவு திரும்பிற்று, அதனால் யாருடைய வாழ்வு எத்தனை ஆண்டு பிந்திற்று. இலக்கியத்தைக் கணக்கேடாக்குகிறோம் என்று தூய அழகுவாதிகள் முகம் சுளிக்கலாம். ரூபிளையும் கோபெக்கையும் பிசகாமல் எழுதியதால் தஸ்தயேவ்ஸ்கியின் கலை எங்கும் குறைந்ததாக நாம் கேள்விப்படவில்லை.

அவரிடத்திலும் ஒரு குறை சொல்ல நமக்கு உண்டு. அந்த 60 ரூபிளின் வரலாறு நமக்குத் தெரியவருவது தாயின் கடிதத்தில், அதுவும் மகன் வாசிக்கும் கடிதத்தில். மாதந்தோறும் சம்பளத்திலிருந்து கழித்தவர்கள் துனியாவிடம் என்ன சொன்னார்கள், மீதியை அவள் எப்படி எண்ணினாள், அண்ணன் படிப்பை விட்டுவிட்டான் என்று கேள்விப்பட்ட அன்று முற்பணத்தில் எவ்வளவு பாக்கி இருந்தது என்று நாவல் நமக்குச் சொல்வதில்லை. அவள் இருந்த அறையிலிருந்து அக்கதையை எழுதக்கூடிய பெண்கள் இப்போது நம் பாடசாலைகளிற் படிப்பித்துக் கொண்டிருக்கிறார்கள்.