ஜெயித்த பிறகும் கேமராவை அணைக்காதவர்

ஆவணப்பட ரசிகர்களிடம் ஒரு தப்புக்கணக்கு ஊறிப்போயிருக்கிறது. சர்வாதிகாரம் சரிந்து ஜனநாயகம் திரும்பும் கதை என்றால் கடைசியில் கூட்டம் ஆர்ப்பரிக்க வேண்டுமாம், கொடி பறக்க வேண்டுமாம். அப்படி முடிக்காதவரை 'ஃபினிஷிங் தெரியாதவர்' என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். நான் எதிர்க்கட்சி.

1978இல் வந்த 'பிரிசனர்ஸ் ஆஃப் கான்ஷியன்ஸ்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இயக்குநர் ஆனந்த் பட்வர்தன். அவர் எடுத்த ஒரு முடிவை மட்டும் பார்ப்போம். 1977 மார்ச் 21இல் நெருக்கடி நிலை விலக்கப்பட்டது. தலைவர்கள் சிறையிலிருந்து வெளியே வந்துவிட்டார்கள். கோல்கீப்பர் இல்லாத கோல்போஸ்ட் மாதிரி வெற்றிக் காட்சி எதிரே திறந்து கிடந்தது. மனிதர் அடிக்கவில்லை. நெருக்கடி நிலைக்கு முன்பே உள்ளே போனவர்கள், அது போன பிறகும் உள்ளேயே கிடந்தவர்கள் என்று அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினார்.

கூட்டத்தின் உற்சாகத்தை எடுக்கத் தெரியாதவரா? பீகார் இயக்கத்தைப் பற்றி அவர் ஏற்கெனவே எடுத்த 'வேவ்ஸ் ஆஃப் ரெவல்யூஷன்' அந்த உற்சாகத்தால் ஆனதுதான். தணிக்கைக்குப் பயந்து அதன் பிரதியைத் துண்டு துண்டாக்கி நாட்டைவிட்டுக் கடத்த வேண்டியிருந்தது. அந்த இயக்கத்தின் ஆட்களே பிறகு டெல்லியில் ஆட்சியில் அமர்ந்தார்கள். தன் பக்கம் ஜெயித்த அன்றே தன் பக்கத்தையே கேள்வி கேட்பதைத் தடுப்பாட்டம் என்று எந்தக் கண்ணால் பார்த்துச் சொல்கிறார்கள்? எனக்குத் தெரிந்து அதைவிட முரட்டுத்தனமான தாக்குதல் கிடையாது.

வெற்றிக் காட்சி மேல் நமக்கு இவ்வளவு மோகம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்ததுதான். ஆட்டையாம்பட்டி, ராசிபுரம் பக்கத்துக் கொட்டகைகளில் அப்போதெல்லாம் படத்துக்கு முன்னால் அரசுச் செய்திப்படம் கட்டாயம் ஓடும். முறுக்கைக் கடித்துக்கொண்டே பார்த்தோம். அணை நிரம்பும், ரயில் நேரத்துக்கு வரும், எல்லோரும் சிரிப்பார்கள். எதிர்ப்புப் படமும் அதே சிரிப்பில் முடிய வேண்டும் என்று கேட்பவர்கள் அந்தக் கொட்டகையைவிட்டு இன்னும் எழுந்து வரவில்லை.

நம் ஊருக்கு அந்த முடிவு பொருந்தவும் பொருந்தாது. 1976 ஜனவரி 31இல் இங்கே மாநில ஆட்சியையே கலைத்தார்கள். ஆனாலும் அடுத்த ஆண்டு டெல்லியில் தோற்ற அதே கூட்டணிதான் தமிழ்நாட்டில் ஜெயித்தது. இதில் எந்தக் கூட்டத்தின் ஆரவாரத்தைக் கடைசி ஷாட்டாக வைப்பது? இன்னும் பின்னால் போனால் 1950 பிப்ரவரி 11, சேலம் மத்திய சிறை. துப்பாக்கிச்சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் செத்தார்கள். குடியரசு பிறந்து அப்போது பதினாறு நாள். 'ஜனவரி 26 கொடியேற்றத்தோடு சுபம்' என்று படத்தை முடித்திருந்தால் அந்த 22 பேரும் சட்டகத்துக்கு வெளியே போயிருப்பார்கள்.

ருமேனியப் புரட்சி பற்றிய 'வீடியோகிராம்ஸ் ஆஃப் எ ரெவல்யூஷன்' (1992) இந்த வித்தையில் இன்னொரு கைதேர்ந்த படம். அதிபரின் பேச்சு தடுமாறியதும் அரசுத் தொலைக்காட்சியின் கேமரா வானத்தைப் பார்க்கிறது. மற்றவர்கள் அவர் ஹெலிகாப்டரில் ஏறியதோடு கடையைக் கட்டியிருப்பார்கள். இந்தப் படத்தை எடுத்தவர்கள் தொலைக்காட்சி நிலையத்துக்குள் யார் யார் நுழைந்து மைக்கைப் பிடிக்கிறார்கள் என்று தொடர்ந்து பார்க்கிறார்கள்.

இனி ஆரூடம். இலங்கையின் 2022 மக்கள் போராட்டமான அரகலய பற்றி இன்னும் நிறைய படங்கள் வரும், செல்போன் காட்சிகளே மலைபோல் இருக்கின்றன. பெரும்பாலானவை ஜூலை 9இல், அதிபர் மாளிகை நீச்சல் குளத்தில் முடியும், விருதும் வாங்கும். ஒன்றே ஒன்று ஜூலை 22இல் தொடங்கும். புதிய அதிபர் பதவியேற்ற மறுநாள் விடியுமுன் காலிமுகத்திடல் கூடாரங்களைப் படையினர் பிரித்தெறிந்த நாள் அது. விழாத் தேர்வுக் குழுக்கள் முதல் சுற்றிலேயே அதைக் கழித்துவிடும். விமர்சகர்கள் 'இழுவை' என்பார்கள். பத்து வருஷத்தில் திரைப்படக் கல்லூரிகள் பாடமாக வைக்கப்போவது அதைத்தான். மறுப்பவர்கள் பந்தயத்துக்கு வரலாம், தோற்றால் ஒரு டின் கை முறுக்கு என் செலவு.