ஓடினால்தான் லாபம்

மலிவு மின்சாரக் கார் என்ற பேச்சு இந்தியாவில் சூடுபிடித்தது 2022 செப்டம்பரில், டாடா டியாகோ இவி 8.49 லட்சம் ரூபாய் அறிமுக விலைக்கு வந்தபோது. அடுத்த ஆண்டே எம்ஜி கோமெட் 7.98 லட்சத்துக்கு வந்தது. (2001-லேயே பெங்களூரின் ரேவா மின்சாரக் கார் இருந்ததே என்பார்கள். இருந்தது, அதில் குடும்பத்தோடு ஊருக்குப் போக முடியாது.)

இந்த வண்டிகளின் கவர்ச்சி பொய்யல்ல. கிளட்சை மிதித்து மிதித்துக் கால் சோர்ந்துபோகும் நகர நெரிசலில் கியரும் இல்லாமல், சத்தமும் இல்லாமல் நகர்வது தனிச் சுகம். சிக்னலில் நிற்கும்போது ஏசிக்காக என்ஜின் ஓட வேண்டியதில்லை. மூன்று மீட்டருக்கும் குறைவான நீளமுள்ள கோமெட்டை ஆட்டோ நிற்கும் சந்தில்கூட நிறுத்திவிடலாம். பின்னால் ஒரு பெட்டி வைக்கத்தான் இடமிருக்காது.

ஆனால் ஷோரூமில் விற்கப்படுவது சுகம் அல்ல, சிக்கனம். அந்தக் கணக்கைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். சென்னையில் லிட்டர் 100 ரூபாய் பெட்ரோலில் நகருக்குள் 15 கிலோமீட்டர் கிடைத்தால், கிலோமீட்டருக்கு 6.70 ரூபாய். டியாகோ அளவு மின்சாரக் காருக்கு, சார்ஜ் ஏறும்போது ஆகும் விரயம் உட்பட, 100 கிலோமீட்டருக்கு 13 யூனிட் என்று கொள்ளலாம். யூனிட் என்ன விலை? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதக் கணக்கு, செலவு கூடக் கூட யூனிட் விலையும் படிப்படியாக ஏறும். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளின் சலுகையிலும் ஒரு பகுதி பறிபோகும். 400 யூனிட் செலவாகும் வீட்டில், இரண்டு மாதத்தில் 2,000 கிலோமீட்டர் ஓட 260 யூனிட் கூடினால், அந்தக் கூடுதல் யூனிட் ஒவ்வொன்றும் 9 ரூபாயை நெருங்குகிறது. அப்படியும் கிலோமீட்டருக்கு 1.20 ரூபாய்தான். மிச்சம் 5.50.

அதே ரகப் பெட்ரோல் வண்டியைவிட விலை மூன்று லட்சம் கூடுதல் என்றால், அதை எடுக்க 55,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். அலுவலகம், கடை, கோயில் என்று மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு இது ஒன்பது ஆண்டு. பேட்டரிக்கு நிறுவனம் தரும் உத்தரவாதமோ எட்டு ஆண்டு. அந்த மூன்று லட்சமும் 10 சதவீத வட்டிக் கடன் என்றால், முதல் ஆண்டு வட்டியே 30,000 ரூபாயை ஒட்டி வரும். பெட்ரோலில் அவர் மிச்சம் பிடிப்பது 33,000. போதாக்குறைக்கு, 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களின் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. மின்சாரக் காருக்கு முன்போலவே 5 சதவீதம்தான் என்றாலும் வரி இடைவெளி சுருங்கிவிட்டது.

மாதம் 2,500 கிலோமீட்டர் ஓட்டும் டாக்சிக்காரருக்கோ இரண்டு ஆண்டில் போட்ட பணம் திரும்பிவிடும். ஆனால் அவர் இரவில் வண்டியை நிறுத்துவது பெரும்பாலும் தெருவில். பொது சார்ஜரில் யூனிட் 20 ரூபாய் அளவில் போட்டால் மிச்சம் நான்கு ரூபாய்க்குச் சரிகிறது, காத்திருக்கும் நேரம் வேறு. அறிமுகத்தின்போது 315 கிலோமீட்டர் என்று விளம்பரம் சொன்ன டியாகோவை ஏசி போட்டு ஓட்டினால் 200-ஐத்தான் நம்பலாம். சென்னையிலிருந்து திருச்சிக்குச் சவாரி என்றால் வழியில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். சொந்த வாசல், சொந்த மீட்டர், வீட்டில் ஏற்கெனவே ஒரு பெட்ரோல் கார் ஆகிய மூன்றும் உள்ளவருக்கு இந்த வண்டி கச்சிதமாகப் பொருந்துகிறது. லாபம் அதிகம் தேவைப்படுபவர் அவரல்ல.

2024-இல் எம்ஜி கொண்டுவந்த பேட்டரி வாடகைத் திட்டம் இந்த நிலையை மாற்றும் என்றார்கள். 6.99 லட்சம் கோமெட் 4.99 லட்சத்துக்கு, பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு 2.50 ரூபாய். குறைவாக ஓட்டுபவருக்கு இது நியாயமான பேரம். டாக்சிக்காரருக்கு மாதம் 6,250 ரூபாய் வாடகை. 80,000 கிலோமீட்டரில், அதாவது மூன்று ஆண்டு முடிவதற்குள், தள்ளுபடியாகத் தெரிந்த இரண்டு லட்சமும் போயிருக்கும்.